பெயர்த்தகடு எந்தப் பக்கம்

மோட்டார் பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு கட்டு அட்டைகள் இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்புக் கட்டு மாதத்துக்கு இரண்டு முறை தீர்ந்துபோகும். பச்சைக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டு பிரிக்கப்படாமலே இற்றுப்போய்விட்டது என்று சக ஊழியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தாலும், அவர் பச்சை அட்டை கட்டி அனுப்பிய பம்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இந்தக் குணத்தை அவர் தொழிற்சாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் கதையே இல்லை. மகள் பிறந்தபோது தொட்டில் வாங்க ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவர் பார்த்து முடித்த அன்று குழந்தை தானே நடந்து கடைக்குள் போய் அந்தத் தொட்டிலைத் தொட்டுப் பார்த்தது. கடும் வெயிலில் தேட ஆரம்பித்த ஏர்கூலர் அடைமழையில் வந்து இறங்கியது. 'அவசரப்பட்டு வாங்கி அவஸ்தைப்படக் கூடாது' என்பார். அவஸ்தைப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே விசிறிக்கொள்வார்கள்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவதுதான் வேலை. "டோக்கன் நாற்பத்திமூணு, உள்ள வரலாம்." அவ்வளவுதான் வசனம். ஆனால் அவள் சொல்லும் விதத்தில் ஊசிக்குப் பயந்தவர்கள்கூடத் தயங்காமல் எழுந்து போவார்கள். பதினோரு வருடமாக எண்களைக் கூப்பிட்டு வந்தாள். முழுசாக ஒரு வாக்கியம் படிக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை.

அப்படி ஒரு நாள் கேட்டார்கள். புத்தகங்களை ஒலிவடிவில் வெளியிடும் நிறுவனம் ஒன்று, வாசிக்கக் குரல்கள் தேவை என்று அறிவித்திருந்தது. அவள் பெயரைக் கொடுத்து வைத்தாள். நாவல் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பி, ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி கடைசி. போனில் பதிவு செய்தால் ஏற்க மாட்டார்கள். பின்னணியில் சத்தம் கூடாது. தேர்வானால் முழு நாவலையும் வீட்டிலிருந்தே வாசிக்கலாம்.

அந்தக் கடிதத்தை அவள் நான்கு முறை படித்தாள். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள்.

"எனக்கு இது வேணும்ங்க."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து 'வேணும்' என்ற சொல் உப்புக்கும் சர்க்கரைக்கும்தான் வந்திருக்கிறது. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நீ படிக்கிற வேலைய மட்டும் பாரு. மைக் என் பொறுப்பு."

பதினான்கு வயது மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, போச்சு."

முப்பதாம் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டார். மைக்கில் இரண்டு ஜாதி உண்டு என்றும், மேடையில் கத்திப் பாடுவதற்கு ஒன்று, அறைக்குள் மெல்லப் பேசுவதற்குக் கண்டென்சர் மைக் என்று இன்னொன்று என்றும் இரண்டாம் நாள் தெரிந்துகொண்டார். கண்டென்சருக்குத் தனியாக மின்சாரம் ஊட்ட ஒரு சின்னப் பெட்டி வேண்டும். நேராகக் கம்ப்யூட்டரில் செருகும் ரகமும் உண்டு. ஊசி விழுந்தால்கூடப் பிடித்துவிடுமாம். ஒவ்வொரு மைக்கும் சும்மா இருக்கும்போதே உஸ் என்று ஒரு சத்தம் போடுமாம், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதாம். இந்தக் கடைசி விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சும்மா இருக்கிறவர்களிடம் குறை கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை.

கம்ப்யூட்டரில் பெரிய அட்டவணை போட்டார். மைக்குகள் கீழே, குணங்கள் மேலே, கட்டங்களில் சிவப்பும் பச்சையும். அவள் தன் சம்பளத்தில் பாதிக்குள் முடிக்கச் சொல்லியிருந்தாள். அந்த வரம்புக்குள் முப்பத்தொரு மைக்குகள் இருந்தன. வாங்கியவர்கள் எழுதிய ரிவ்யூக்களை ஒன்று விடாமல் படித்தார். ஒருவன் ஆகா என்றதை அடுத்தவன் தூ என்றான். தூ என்றவன் எழுதியதைத்தான் இவர் நம்பினார்.

ஏழாம் நாள் மூவரும் இசைக்கருவிகள் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்டார், என்ன வேலைக்கு, எவ்வளவுக்குள். கேட்டுவிட்டு ஒரு நீலப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இத எடுத்துட்டுப் போங்க. பேச்சுக்கு நல்லா இருக்கும். இந்த விலைக்குள்ள எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார்."

"இதையே வாங்கிடலாங்க," என்றாள் அவள்.

"கடைக்காரர் வேற என்ன சொல்வார்?" என்று அவள் காதோடு சொல்லிவிட்டு, ரிஜெக்ட் சார் மூன்று மைக்குகளை இணைக்கச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கடைக்காரர் ஹலோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. சும்மா இருக்கும்போது கேக்கணும்."

கண்ணை மூடி, முக்கால் மணி நேரம், மூன்று மைக்குகளின் மௌனத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டார். கிட்டார் வாங்க வந்த ஒருவர் மெதுவாக விசாரித்தார்.

"யாரு, மியூசிக் டைரக்டரா?"

"இருக்கும். சத்தமே இல்லாத பாட்டு போடறாரு போல," என்றார் கடைக்காரர்.

மூன்றையும் ரிஜெக்ட் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அடுத்து, மைக்கை விட அறைதான் முக்கியம் என்று எங்கோ படித்துத் தொலைத்தார். படுக்கையறையின் ஒரு மூலையில் வீட்டிலிருந்த மெத்தைகள் எல்லாம் எழுந்து நின்றன. ஜன்னல்களில் போர்வைகள் தொங்கின. மகள் பாயில் படுத்தாள்.

"என் மெத்தை எப்பப்பா படுக்கும்?"

"முப்பதாம் தேதிக்கு அப்புறம்."

இதற்கிடையில் மனைவி தன் பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மதிய இடைவேளையில், காலிக் குப்பிகள் அடுக்கியிருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஒரு பக்கத்தை உரக்க வாசிப்பாள். பரிசோதனைக்கூடத்துப் பெண்கள் இருவர் டிபன் டப்பாவோடு வந்து உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டில் வாசிக்க அவளுக்குக் கூச்சம், அவரோ எப்போதும் ஹெட்போனோடு இருந்தார். அந்த ஒரு பக்கத்தை அவர் மட்டும் கேட்கவே இல்லை.

இருபத்திரண்டாம் நாள் ஒரு பெட்டியோடு வந்தார். முகத்தில் பெருமை. பிரித்தால், அதே கடை, அதே நீலப் பெட்டி.

"எல்லாத்தையும் அலசிட்டேன். இந்த விலைக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்," என்றார், தானே கண்டுபிடித்ததுபோல்.

மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள்.

மைக்கைத் தாங்கியில் பூட்டும்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. நல்ல கனமான கறுப்பு மைக். நுனியில் பேசும் ரகம் இல்லை, நிமிர்த்தி நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பேச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெள்ளியில் சின்னப் பெயர்த்தகடு. வாசிக்கிறவள் மூலையில், மெத்தைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அவளுக்கு எதிரே மைக். மைக்கைத் தாண்டி அறைக் கதவு, கதவைத் தாண்டிக் கூடம்.

பம்புத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. பெயர்த்தகடு பார்க்க வருகிறவரைப் பார்த்து இருக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தால், பம்பு தண்ணீரை எப்படிக் கொட்டினாலும் சரி, சிவப்பு அட்டைதான். அந்த விதிக்காக அவர் வருடத்துக்கு நூறு பம்பையாவது திருப்பி அனுப்பியிருப்பார். மைக்கின் தகடு மூலையைப் பார்த்திருந்தது. கை தானாகப் போய் அதைக் கதவுப் பக்கம் திருப்பியது.

"பேர் என் பக்கம் இருக்க வேண்டாமா?" என்று கேட்டாள் அவள்.

"உன்னைப் பாத்து என்ன பிரயோஜனம்? வர்றவங்க கண்ணுலதானே படணும்?"

எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று முன்னூறு ரிவ்யூக்களில் ஒருவர்கூட எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். பெட்டிக்குள் நான்கு படங்கள் போட்ட ஒரு காகிதம் இருந்தது. இவ்வளவு படித்தவருக்குப் படம் எதற்கு? மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோப்பில் சேர்த்துவிட்டார்.

இனி சோதனை. "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லும்மா." சொன்னாள். ஹெட்போனில் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறதுபோல் கேட்டது. மைக்குக்கு மின்சாரம் ஊட்டும் சின்னப் பெட்டியின் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினார். மெத்தையை இடம் மாற்றினார். "வயித்துல இருந்து சொல்லு." அவள் நாற்பத்திமூன்று வரை எண்ணினாள். மறுநாளும் எண்ணினாள். குமிழ் முக்கால் சுற்று ஏறிவிட்டது. அப்போதும் குரல் மெத்தைக்குள்தான் இருந்தது. மைக்கில் குறை இருக்க வழியில்லை, அவர் தேர்ந்தெடுத்தது. அறையிலும் இல்லை, அவர் கட்டியது. மிச்சம் ஒன்றுதான்.

"பம்பு ஓடற சத்தத்த வெச்சே உள்ள என்ன கோளாறுன்னு சொல்றவன் நான். உன் குரல்ல கனம் இல்லம்மா."

அவள் மூலையிலிருந்து எழுந்தாள். போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அவர் முழு நாளும், அவள் காலை அரை நாளும் விடுப்பு போட்டிருந்தார்கள். மூன்றரை மணிக்கு அவள் மாலை நேரப் பணிக்குப் போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஃபேனை நிறுத்தினார்கள், ஃபிரிட்ஜை அணைத்தார்கள். மூச்சு முட்டும் என்று கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். அந்த இடைவெளியில் நாற்காலியைப் போட்டு, உள்ளே பார்த்தபடி ரிஜெக்ட் சார் காவல் உட்கார்ந்தார். ஈ நுழைய விடமாட்டார். அவள் வாசிக்கத் தொடங்கினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அவர் பையில் போன் அதிர்ந்தது. அவருடைய அக்கா. எடுக்காவிட்டால் அக்கா விடமாட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். எடுத்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு ரகசியமாகப் பேசினார். தம்பி வீட்டில் என்ன விசேஷம் என்று அக்கா கேட்டாள். என்ன பதில் சொன்னார் என்பது பின்னால் வரும்.

முடிந்ததும் பதிவை அவர் சோதித்தார். ஆரம்பத்தில் பத்து நொடி மௌனம், முடிவில் பத்து நொடி மௌனம், இரண்டையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சுத்தம். நடுப்பகுதியைக் கேட்டுப் பார்க்கவில்லை, திரையில் அலைகள் நன்றாக எழும்பியிருந்தன. இத்தனை நாள் இல்லாத உயரம்.

"பாஸ்," என்றார்.

பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை உருவி மைக்கின் கழுத்தில் கட்டினார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவர் நாலேகாலுக்கு அனுப்பி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை பதில் வந்தது. அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் சமையலறை வாசலில் நின்று, போனைப் பார்த்து, டோக்கன் கூப்பிடும் அதே குரலில் வாசித்தாள்.

"உங்கள் பதிவில் ஒரு ஆண் தொலைபேசியில் பேசுவது மிகத் தெளிவாக இருக்கிறது. பின்னால், தூரத்தில், ஒரு பெண் வாசிப்பதும் கேட்கிறது. கேட்டவரை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மைக் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறோம். பெயர் இருக்கும் பக்கம் பேச வேண்டும். திருப்பி வைத்து வாசித்து, வரும் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மறுபடி அனுப்புங்கள்."

நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு. 'அந்த ஆணின் கருத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.'"

அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் மேசைக்குப் போய்ப் பதிவை ஒலிக்கவிட்டாள். ஹெட்போன் இல்லாமல், வீடு முழுக்கக் கேட்கும்படி. மகளும் வந்து நின்றாள்.

நல்ல மைக்தான். சந்தேகமே இல்லை. அவர் மூச்சு வாங்கியது, எச்சில் விழுங்கியது, வாயை மூடிய உள்ளங்கை மீசையில் உரசியது எல்லாம் கேட்டது.

"அவ ஏதோ படிக்கிறாக்கா... உங்கிட்ட சொல்றதுக்கென்ன, குரல் அவ்வளவுதான். நம்பர் கூப்பிடப் போதும். ஆசையா வந்து கேட்டா, முடியாதுன்னு சொல்ல மனசு வரல. அதான் மைக்கு மைக்குன்னு நாளக் கடத்தினேன். தேதி தாண்டிட்டா அவளே மறந்துடுவான்னு பாத்தேன். நம்மளும் கெட்ட பேர் வாங்க வேண்டாம்."

பின்னால் எங்கோ, ஒரு பெண் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

ரிஜெக்ட் சார் எழுந்து போய்ப் பதிவை நிறுத்தினார். சத்தியமாக அப்படி எந்தத் திட்டமும் அவர் மனதில் இருந்ததில்லை. நாள் கடந்ததற்குக் காரணம், அவருக்கு வேறு மாதிரி வாங்கத் தெரியாது என்பதுதான். அக்கா முன்னால் விவரமானவனாகத் தெரிய வேண்டும் என்று, அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தால், வேண்டுமென்றே கெடுத்தவன் என்பதற்குப் பதிலாக, ஒன்றும் தெரியாமல் கெடுத்துவிட்டு அதற்கும் பெருமை தேடியவன் என்று ஆகிறது. எது மேல் என்று அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. குரல் அவ்வளவுதான் என்றதற்கோ எந்தச் சமாதானமும் இல்லை. அவமானமாக இருந்தது.

"நான் அப்படி நெனச்சு..." என்று தொடங்கினார்.

"சனி ஞாயிறுக்குக் காத்திருக்க முடியாது. நாளைக்கு லீவு போடறேன்," என்றாள் அவள் மகளிடம்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவளே மேசைக்குப் போனாள். மைக்கைப் பிடித்து அரைச் சுற்று திருப்பினாள். மூன்று நொடிகூட ஆகவில்லை. அவர் ஏற்றி வைத்த குமிழை இறக்கினாள். பச்சை அட்டையை அவிழ்த்து அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள்.

"நீங்க கீழ போயிருங்க. கூப்பிடறப்ப வந்தாப் போதும்."

இரண்டு மாடி இறங்கித் தெருவில் நின்றார். விடுப்பு போட்டுவிட்டுத் தெருவில் நிற்பது அவருக்குப் புதுசு. எதிரே சைக்கிள் கடைக்காரர் வளைந்த மட்கார்டு ஒன்றைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டும் இவர் நெஞ்சில் விழுந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்.

"ஒரு பத்து நிமிஷம் நிறுத்த முடியுமாங்க? மேல ரெக்கார்டிங் நடக்குது."

"யாரு?"

"என் மனைவி. ஒரு நாவல் வாசிக்கிறா."

கடைக்காரர் மரியாதையோடு சுத்தியலைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். போர்வை தொங்கியது. ஒன்றும் கேட்கவில்லை.

"நல்லா வாசிப்பாங்களா?"

ரிஜெக்ட் சார் வாயைத் திறந்தார். இருபத்தாறு நாள் மௌனத்தைக் கேட்டிருக்கிறார். உஸ் என்ற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு கேட்டிருக்கிறார். அவள் ஒரு வரி வாசித்துக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கதவில் காவல் உட்கார்ந்த அன்றும் அக்காவைத்தான் கேட்டார்.

"தெரியலைங்க. நான் இன்னும் கேக்கல."

"வீட்லதானே இருக்கீங்க?" என்றார் கடைக்காரர் ஆச்சரியமாக.

"ஆமாம்," என்றார்.

அரை மணி நேரம் ஆயிற்று. போர்வை விலகியது. அவள் தலை தெரிந்தது.

"டோக்கன் நாற்பத்திமூணு, உள்ள வரலாம்."

சைக்கிள் கடைக்காரருக்கு விளங்கவில்லை. ரிஜெக்ட் சாருக்கு விளங்கியது. படிகளை இரண்டிரண்டாக ஏறினார். அவள் ஒன்றும் பேசாமல் நாற்காலியைக் காட்டி, ஹெட்போனைக் கொடுத்தாள்.

பழக்கதோஷத்தில் முதல் பத்து நொடி மௌனத்தை எடைபோட்டார். பிறகு அவள் குரல் வந்தது. காதுக்குப் பக்கத்தில், இவருக்கு மட்டும் சொல்கிறதுபோல் வந்தது. கதையில், இருபது வருடம் கழித்து வீடு திரும்பும் ஒருத்தி, பூட்டிய கதவுமுன் நின்று பைக்குள் சாவியைத் துழாவுகிறாள். உள்ளே யாரோ நடமாடும் சத்தம் கேட்கிறது. அவளுக்குக் கூப்பிடவும் பயம், திரும்பிப் போகவும் மனமில்லை. மனைவியின் குரல் எங்கும் உயரவில்லை. ஆனாலும் அந்தக் கை பைக்குள் போகப் போக இவருக்கு வியர்த்தது. அவள் பம்பில்லை என்பதும் அவள் குரலில் கனம் தேடியது எவ்வளவு மடத்தனம் என்பதும் அவருக்கு மூன்றாம் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மிச்ச இரண்டு நிமிடமும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கேட்டார். சாவி கிடைத்தது. பூட்டில் நுழைந்தது. திரும்பியது. பதிவு முடிந்துவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினார். கை தன்னாலே சட்டைப் பைக்குப் போய்ப் பச்சைக் கட்டைத் தொட்டது.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அவள். "அனுப்பியாச்சு."

அவர் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்டிய முதல் சரக்கு. அவர் அட்டையை எடுக்காமல் கையை இறக்கிக்கொண்டார். கேட்க வேண்டிய மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. வந்து நின்றது. வாயிலிருந்து விழுந்ததோ வேறு.

"உள்ள யாரு? கதவத் தெறந்தாளா?"

அவள் மைக்கின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

"புத்தகம் வெளிய வரட்டும். நாலு பேர் எழுதற ரிவ்யூவப் படிச்சுப் பாத்துட்டு, நிதானமா வாங்கிக் கேளுங்க."